இரண்டாம் சரபோஜி

இரண்டாம் சரபோஜி (செப்டம்பர் 24, 1777 – மார்ச் 7, 1832) தஞ்சாவூரை ஆண்ட போன்சலே மராட்டிய மரபைச் சேர்ந்த மன்னர் ஆவார். சரசுவதி மகால் நூலகத்தை விரிவுபடுத்தியவர் என்ற முறையில் இவர் பரவலாக அறியப்படுகிறார். காவிரிப் படுகையில் இருந்து இராமேசுவரம் செல்லும் வழிகளில் அமைந்திருந்த சத்திரங்களை இவர் நடத்திய முறை அந்த அளவுக்கு அறியப்படவில்லை. நோயாளிகள், பிள்ளை பெற்ற தாய்மார்கள், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோரை நாள் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் வைத்துப் பராமரிக்கும் நிலையங்களாக இச்சத்திரங்கள் இயங்கின. அங்கு எவை எந்த அளவில் வழங்கப்பட வேண்டும் என்பதை எழுத்தில் வைத்ததும், நாட்டின் வருவாய் கை மாறிய பின்னும் அவற்றின் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முயன்றதும் இவருடைய வாழ்வின் முக்கியமான பகுதிகள் ஆகும்.

இளமையும் சுவீகாரமும்

சரபோஜி போன்சலே மரபின் கிளைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தஞ்சாவூர் மன்னர் துளஜாவுக்கு ஆண் வாரிசு இல்லாததால், 1787 ஆம் ஆண்டில் தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் இவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அப்போது சரபோஜிக்கு வயது ஒன்பது. சிறுவனுக்குக் காப்பாளராக இருக்கும்படி செருமானிய லுத்தரன் சமயப் பணியாளர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சை மன்னர் கேட்டுக்கொண்டார். சுவார்ட்சு அதை ஏற்காமல், மன்னரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான அமர்சிங்கைக் காப்பாளராக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தார்.

மன்னர் இறந்த பின் நிலைமை மாறியது. பண்டிதர்களின் கருத்தைக் கேட்ட சென்னை அரசு, சுவீகாரம் செல்லாது என்று முடிவு செய்து அமர்சிங்கை அரியணையில் அமர்த்தியது. வாரிசுரிமை மறுக்கப்பட்ட சிறுவனும் மறைந்த மன்னரின் மனைவியரும் அமர்சிங்கின் பொறுப்பிலேயே அரண்மனையில் வாழ வேண்டியதாயிற்று. சிறுவன் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகவும் முறையான கல்வி தரப்படவில்லை என்றும் சுவார்ட்சு சென்னை அரசுக்கு எழுதினார். காப்பாளராகவும் உரிமைப் போட்டியாளராகவும் ஒருவரே இருந்ததுதான் சிக்கலின் மூலமாகும். கிழக்கிந்தியக் கம்பெனி இதில் தலையிட்டது. 1793 ஆம் ஆண்டில் சரபோஜியும் துளஜாவின் மனைவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கு மற்றொரு சமயப் பணியாளரான கெரிக்கேயிடம் சரபோஜி கல்வி பயின்றார். ஆங்கிலம் உட்படப் பல மொழிகளையும் ஐரோப்பிய அறிவியலையும் கற்றார். எனினும் இறுதிவரை இந்து சமயத்தவராகவே வாழ்ந்தார்.

சுவீகாரம் பற்றிய கேள்வி மீண்டும் ஆராயப்பட்டு இவருக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட்டது. 1798 ஆம் ஆண்டு பெப்ரவரியில் சுவார்ட்சு காலமானார். அதே ஆண்டு சூன் மாத இறுதியில் சரபோஜி அரியணை ஏறினார். பதவி இழந்த அமர்சிங் திருவிடைமருதூரில் வாழ்ந்து 1802 இல் மறைந்தார். தன் காப்பாளரின் நினைவாகத் தஞ்சாவூர்க் கோட்டையில் உள்ள தேவாலயத்தில் வைப்பதற்காக, இங்கிலாந்துச் சிற்பி சான் பிளாக்சுமனைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பத்தைச் சரபோஜி செய்வித்தார்.

1799 உடன்படிக்கை

அரியணை ஏறிய மறு ஆண்டே, அக்டோபர் 25, 1799 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தஞ்சாவூர் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. தஞ்சாவூர்க் கோட்டையும் அதைச் சார்ந்த சிறு பகுதியும் மட்டும் மன்னரிடம் இருந்தன. ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு வழங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது.

இம்மாற்றம் சத்திரங்களை நேரடியாகப் பாதிக்கக் கூடியதாக இருந்தது. சத்திரங்கள் நிலத்தின் விளைச்சலை நம்பியே நடந்தன. ஒவ்வொரு சத்திரத்துக்கும் குறிப்பிட்ட கிராமங்கள் வரி நீக்கி மானியமாக விடப்பட்டிருந்தன. அக்கிராமங்களின் நெல்லே சத்திரத்தின் சமையலறைக்கும், விற்பனையின் வழியாக மருந்துக்கும் துணிக்கும் ஊதியத்துக்கும் ஆதாரமாக இருந்தது. வரி வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போன பின், இக்கிராமங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளுமா, அல்லது தானே சத்திரங்களை நடத்துமா, அல்லது மன்னரிடமே விட்டுவிடுமா என்ற கேள்வி எழுந்தது.

சத்திரங்கள்

தஞ்சை மராட்டிய மன்னர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து ஏறத்தாழ 20 சத்திரங்களை ஏற்படுத்தினர். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நடந்து சென்ற யாத்திரிகர்களுக்காகவே இவற்றுள் பெரும்பாலானவை கட்டப்பட்டன. நீடாமங்கலம், ஒரத்தநாடு, இராசாமடம், மீமிசல் முதலிய ஊர்களில் இவை இருந்தன. பல சத்திரங்களுக்கு அரச குடும்பப் பெண்களின் பெயர்கள் இடப்பட்டன. நீடாமங்கலத்தில் உள்ள யமுனாம்பாள் சத்திரம் பிரதாபசிங்கின் மனைவியின் பெயரைக் கொண்டதாகும்.

முக்தாம்பாள் சத்திரம்

சரபோஜி ஏற்படுத்திய சத்திரங்களுள் ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரம் குறிப்பிடத்தக்கது. மன்னரின் அன்புக்குரியவராக இருந்த முக்தாம்பாள் இளமையிலேயே இறந்தார். அவருடைய விருப்பத்தின்படியும் அவர் நினைவாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சத்திரம் கட்டப்பட்டது. இதனால் அவ்வூர் முக்தாம்பாள்புரம் என்றும் அழைக்கப்பட்டது. சத்திரத்தின் முகப்பில் குதிரைகளும் தேர்ச் சக்கரங்களும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. உணவு, தங்குமிடம் ஆகியவற்றுடன் இங்கு ஒரு பள்ளியும் மருத்துவ உதவியும் அமைக்கப்பட்டன.

1801 ஆம் ஆண்டுக் கடிதம்

1801 ஆம் ஆண்டில் சரபோஜி தஞ்சாவூரில் இருந்த கம்பெனியின் ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்குச் சத்திரங்களைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களும் அவற்றின் கிராமங்களும் தன் பொறுப்பிலேயே தொடர வேண்டும் என்பதே அதன் நோக்கம். தன் கோரிக்கைக்கு ஆதாரமாக, சத்திரங்களில் நாள்தோறும் நடப்பவற்றை அவர் ஒவ்வொன்றாக விவரித்துள்ளார். அதன் காரணமாக இக்கடிதம் அக்காலப் பராமரிப்பு முறைகளை அறிவதற்கு உதவும் முக்கிய ஆவணமாக விளங்குகிறது. அதில் கூறப்பட்டுள்ள ஏற்பாடுகள் வருமாறு:

உணவு: எல்லாச் சாதியாருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த உணவை ஏற்காதவர்களுக்கு அரிசி முதலிய பொருட்கள் தரப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர்கள் வந்து உண்ணுமாறு அழைக்கப்பட்டனர்.

நோயாளிகள்: வழியிலோ சத்திரத்திலோ நோயுற்றவர்களுக்கு மருந்தும் நோய்க்கு ஏற்ற பத்திய உணவும் கொடுக்கப்பட்டன. குணமடையும் வரை அவர்கள் தங்கியிருக்கலாம். அவர்களை மரியாதையோடும் பரிவோடும் நடத்த வேண்டும் என்பதும் ஏற்பாட்டின் பகுதியாகவே குறிக்கப்பட்டுள்ளது. நோய்கள், வீக்கங்கள், விஷக்கடி ஆகியவற்றுக்கு மருத்துவம் அறிந்தவர்கள் சத்திரப் பணியில் இருந்தனர்.

கருவுற்ற பெண்கள்: சத்திரத்தில் பிள்ளை பெறும் பெண்களின் பேறுகாலச் செலவு ஏற்கப்பட்டது. மருந்து தரப்பட்டது. பிள்ளை பெற்ற பின் மூன்று மாதங்கள் வரை அங்கேயே தங்க அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். கைக்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்பட்டது.

ஆதரவற்ற குழந்தைகள்: சத்திரத்துக்கு வந்த அயலாரின் அனாதைக் குழந்தைகள் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டனர். அவர்களுக்கு நாளுக்கு மூன்று வேளை உணவும், நான்கு நாட்களுக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியலும், துணியும் மருந்தும் அளிக்கப்பட்டன. விரும்பிய துறையில் கல்வி கற்றுத் தேர்ந்தபின் அவர்களின் திருமணச் செலவும் ஏற்கப்பட்டது.

இறந்தோர்: சத்திரத்தில் இறந்தவர்களுக்கு அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்குகள் செய்யப்பட்டன.

மூன்று வேளை, நான்கு நாட்கள், மூன்று மாதங்கள் என்று அளவுகள் குறிக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தர்மம் செய்கிறோம் என்று பொதுவாகச் சொன்னால் அது நடக்கிறதா என்று யாரும் சரிபார்க்க முடியாது. அளவு எழுதப்பட்டுவிட்டால், குறைவு நேரும்போது அதைச் சுட்டிக்காட்ட முடியும். சத்திர நிலங்களின் விளைச்சல் சில ஆண்டுகளாகக் குறைந்துள்ளதால் வருவாய் செலவுக்குப் போதவில்லை என்பதையும், பற்றாக்குறையைத் தாமே பணமாகவும் தானியமாகவும் ஈடு செய்வதையும் சரபோஜி அதே கடிதத்தில் தெரிவித்துள்ளார். அறச்செயல்களால் தஞ்சாவூர் பெற்றுள்ள புகழையே தமக்குரிய பெரும் பெருமையாகக் கருதுவதாகவும் அவர் எழுதினார்.

சத்திரங்கள் மன்னரின் நிர்வாகத்திலேயே தொடர்ந்தன. நாட்டின் ஆட்சியை இழந்த ஒரு மன்னரிடம் எஞ்சிய பொதுப் பொறுப்புகளுள் இது மிகப் பெரியது எனலாம்.

தன்வந்திரி மகால்

சரபோஜி மருத்துவ ஆராய்ச்சிக்காகத் தன்வந்திரி மகால் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய முறைகளை அறிந்த மருத்துவர்கள் இதில் பணியாற்றினர். ஆராய்ந்து தேர்ந்த மருந்து முறைகள் அரசவைப் புலவர்களால் தமிழ்ச் செய்யுள்களாக இயற்றப்பட்டன. இவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் நோய் வாரியாகத் தொகுக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் சரசுவதி மகால் நூலகத்தால் நூல்களாக வெளியிடப்பட்டன.

கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள் தன்வந்திரி மகாலின் மற்றொரு சிறப்பு ஆகும். நோயாளியின் நிலை, அளிக்கப்பட்ட மருத்துவம், அதன் விளைவு ஆகியவை இவற்றில் பதிவு செய்யப்பட்டுள்ளன. நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களும் வரையப்பட்டுள்ளன. மருத்துவம் பயன் தந்ததா என்பதைப் பின்னர் வருபவரும் சரிபார்க்க இத்தகைய பதிவுகள் வழி செய்தன. இக்குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கணக்குகளும் கண்காணிப்பும்

தஞ்சாவூர் அரண்மனையின் அன்றாட நிர்வாகக் குறிப்புகள் மராட்டி மொழியில் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. சத்திரங்களின் வரவு செலவுகளும் அலுவலர்களுக்கு இடப்பட்ட ஆணைகளும் இவற்றில் இடம் பெற்றுள்ளன. இந்த ஆவணங்களின் ஒரு பகுதியைத் தமிழாக்கத்துடன் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989 இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. சத்திரத்தில் என்ன செலவாகிறது என்பது அரண்மனைக்குக் கணக்கின் வழியே தெரிய வந்தது என்பதை இவை காட்டுகின்றன.

சென்னை மாகாணத்தில் அறநிலையங்கள் மீதான அரசுக் கண்காணிப்பு சட்ட வடிவம் பெற்றதும் சரபோஜியின் காலத்திலேயே ஆகும். 1817 ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி, கோயில்கள், பள்ளிவாசல்கள், பாலங்கள், சத்திரங்கள் முதலியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய், அது விடப்பட்ட நோக்கத்துக்கே செலவாவதை மேற்பார்வையிடும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. மாவட்டங்களில் கலெக்டர்கள் வாரியத்தின் முகவர்களாகச் செயல்பட்டனர். இந்த விதி முதன்மையாக நிலத்தையும் பணத்தையும் காத்தது. நோயாளிக்குப் பத்திய உணவு கிடைத்ததா, குழந்தை எவ்வாறு நடத்தப்பட்டது என்பன போன்றவை அதன் நேரடி அக்கறையாக இருக்கவில்லை.

அக்கால இங்கிலாந்துடன் இதனை ஒப்பிடலாம். மனநோயாளிகளைப் பணம் பெற்றுக்கொண்டு வைத்திருந்த தனியார் விடுதிகள் உரிமம் பெற வேண்டும் என்றும், அவை பார்வையிடப்பட வேண்டும் என்றும் 1774 இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. வறியோர் இல்லங்களை மேற்பார்வையிட மைய ஆணையம் ஒன்று 1834 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தஞ்சாவூரில் அரசர் தாமே நிறுவனர், தாமே செலவளிப்பவர், தாமே கண்காணிப்பாளர் என்ற நிலை இருந்தது. வெளியில் இருந்து வந்து பார்வையிடும் ஒருவர் இல்லை.

பிற பணிகள்

நாயக்கர் காலத்தில் தோன்றிய சரசுவதி மகால் நூலகத்துக்குச் சரபோஜி ஆயிரக்கணக்கான சுவடிகளையும் ஐரோப்பிய நூல்களையும் சேர்த்தார். 1820 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3000 பேருடன் காசி யாத்திரை தொடங்கினார். அப்பயணத்தில் பல வடமொழிச் சுவடிகளைப் பெற்று வந்தார். வழிநடைப் பயணிகளுக்காகச் சத்திரங்களை நடத்திய மன்னர், அதே யாத்திரை வழியில் தாமும் பயணம் செய்தது குறிப்பிடத்தக்கது.

1805 ஆம் ஆண்டளவில் தேவநாகரி அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். ஈசாப்புக் கதைகளின் மராட்டி மொழிபெயர்ப்பு 1806 இல் இங்கு அச்சிடப்பட்டது. போன்சலே மரபின் வரலாறு இவர் ஆணைப்படி 1803 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டது. ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதன் நினைவாக, கடற்கரையில் உள்ள சரபேந்திரராசன்பட்டினத்தில் மனோரா என்னும் கோபுரத்தைக் கட்டினார்.

மறைவும் அதன் பின்னரும்

சரபோஜி மார்ச் 7, 1832 அன்று காலமானார். அவர் மகன் இரண்டாம் சிவாஜி பட்டம் பெற்றார். சிவாஜி 1855 இல் ஆண் வாரிசின்றி இறந்ததால், வாரிசின்மைக் கொள்கையைக் காட்டிக் கம்பெனி தஞ்சாவூர் அரசை முடிவுக்குக் கொண்டு வந்தது. சரபோஜி 1801 இல் தவிர்க்க முயன்ற மாற்றம் அப்போது நிகழ்ந்தது. சத்திரங்கள் அரசின் கைக்குச் சென்றன.

1863 ஆம் ஆண்டின் இருபதாம் சட்டத்தால் சமய அறநிலையங்களின் நிர்வாகத்தில் இருந்து அரசு விலகிக்கொண்டது. சத்திரம் போன்ற சமயச் சார்பற்ற அறங்கள் அரசின் மேற்பார்வையில் நீடித்தன. பின்னர் தஞ்சாவூர்ச் சத்திரங்கள் மாவட்ட வாரியத்தின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. இரயில் பாதைகள் வந்த பின் நடந்து செல்லும் யாத்திரிகர்கள் குறைந்தனர். சத்திர நிலங்களின் வருவாய் படிப்படியாகக் கல்விக்குத் திருப்பப்பட்டது. திருவையாற்றில் உள்ள அரசர் கல்லூரி இவ்வாறு சத்திர நிதியால் வளர்ந்த நிறுவனமாகும். சில சத்திரக் கட்டடங்கள் மாணவர் விடுதிகளாகப் பயன்பட்டன. கல்வி வளர்ந்தது. ஆனால் நோயுற்றவர் குணமடையும் வரை தங்கவும், பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் இருக்கவும் இருந்த ஏற்பாட்டுக்கு இணையான ஒன்று அதே இடத்தில் அமையவில்லை.

மதிப்பீடு

சரபோஜியின் சத்திரங்களை அக்காலச் சமூகத்தில் இருந்து பிரித்துப் பார்க்க இயலாது. எல்லாச் சாதியாருக்கும் உணவு வழங்கப்பட்டாலும், சாதிக்கேற்ற வேறுபாடுகள் பின்பற்றப்பட்டன. சத்திரத்து அடுப்புக்கு நெல் விளைவித்த காவிரிப் படுகையில் வேளாண்மையின் பெரும் பகுதி அடிமை நிலையில் இருந்த பண்ணையாட்களின் உழைப்பால் நடந்தது. அந்நிலையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843 இல்தான். சத்திரத்தின் தரம் மன்னரின் அக்கறையைச் சார்ந்திருந்தது என்பதும் ஒரு குறையாகும். மன்னர் மரபு முடிந்தபோது, எழுதி வைத்த அளவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை தங்கியிருந்தவர்களிடம் இல்லை.

இக்குறை பின்னாளிலும் தொடர்ந்ததற்கு இராமேசுவரம் இருக்கும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்த ஒரு நிகழ்வு சான்றாகும். ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் ஆகத்து 6, 2001 அன்று தீப்பற்றியதில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். மனநல நிலையங்கள் உரிமம் பெற வேண்டும், அவை பார்வையிடப்பட வேண்டும் என்ற சட்டம் 1987 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தும் இது நிகழ்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. முதியோரைப் பொறுத்தவரை, 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லம் மாவட்டந்தோறும் அமைவதற்கு வழி வகுத்தது. இல்லங்களில் இருக்க வேண்டிய தரங்களையும் வழங்க வேண்டிய சேவைகளையும் மாநில அரசு வகுக்கலாம் என்றும் அது கூறுகிறது.

1801 ஆம் ஆண்டுக் கடிதத்தில் உள்ள பட்டியலும் இத்தகைய தர வரையறையே ஆகும். பராமரிப்பு என்பது உணவு, மருந்து, துணி, தங்கும் காலம், நடத்தும் விதம் என்று எண்ணிச் சொல்லக்கூடிய பொருட்களால் ஆனது என்பதை அது காட்டுகிறது. அவற்றுக்கு நிலையான வருவாய் வேண்டும் என்பதையும், கணக்குக் கேட்கப் பொறுப்பான ஒருவர் வேண்டும் என்பதையும் சரபோஜி உணர்ந்திருந்தார். அவ்வாறு கேட்பவர் நிலையத்தை நடத்துபவரிடம் இருந்து வேறுபட்டவராக இருக்க வேண்டும் என்பது அவர் சிறுவனாக அரண்மனையில் வாழ்ந்த ஆண்டுகளில் தெரிய வந்தது. ஆயினும் அவர் ஏற்படுத்திய அமைப்பில் அது இடம் பெறவில்லை.

ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டடம் இன்றும் உள்ளது.